33 வயதில் ராணுவ நர்சிங் அதிகாரி: வேலைப் பாதுகாப்புக்காகப் போகலாமா?

அரசலாற்றங்கரை
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி நர்சிங் முடித்து, இப்போது கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 33. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். கணவருக்கு வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை.

எங்கள் மருத்துவமனையில் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். இந்த வருடம் சீனியர்கள் இரண்டு பேரை நிறுத்திவிட்டு, அப்போதுதான் படிப்பு முடித்த பிள்ளைகளைப் பாதிச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அடுத்தது நானாக இருக்கலாம். வயல் வருமானத்தை நம்பி உட்கார முடியாது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை உண்டு, இல்லையென்றால் இல்லை. சம்பா நன்றாக விளைந்தாலும் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்துக் கிடக்க வேண்டும்.

ராணுவ நர்சிங் சேவையில், அதாவது எம்.என்.எஸ்-ல், குறுகிய காலப் பணிக்கு 35 வயது வரை எடுக்கிறார்கள். திருமணம் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம். சேரும்போதே லெப்டினென்ட். கணவர் சம்மதிக்கிறார், மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். என் அண்ணன்தான் "இந்த வயசில் உனக்கு யூனிஃபார்மா?" என்று சண்டை போடுகிறார். நிலையான வேலை வேண்டும் என்பதுதான் என் காரணம். போகலாமா?

வெண்ணாறு
சகோதரி, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் நீங்கள் தேடுவது நிலையான வேலை, கையில் எடுப்பதோ கால வரம்புள்ள வேலை. இந்தப் பணி முதலில் ஐந்து வருடம். அப்புறம் தேவையைப் பார்த்து நீட்டிப்பார்கள், அதிகபட்சம் 14 வருடம். ராணுவ அதிகாரிக்கு ஓய்வூதியம் வர 20 வருடப் பணி வேண்டும். நீங்கள் 34-ல் சேர்ந்தால் 48-ல் வெளியே வருவீர்கள், ஓய்வூதியம் இல்லாமல். மகளுக்கு அப்போது இருபதைத் தாண்டியிருக்கும். கல்லூரிச் செலவும் கல்யாணச் செலவும் ஒன்றாக வந்து நிற்கிற நேரத்தில் உங்களுக்குச் சம்பளம் நிற்கும்.

மாநில அரசு வேலை என்றால் 60 வயது வரை. எம்.ஆர்.பி, அதாவது மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுதுங்கள். நம் பக்கத்திலேயே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள். நாகையில் 2022-ல்தான் திறந்தார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு வரலாம். இதை விட்டுவிட்டு எங்கோ போவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
நான் ஆர்மி மெடிக்கல் கோர்-ல் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். எம்.என்.எஸ் அதிகாரிகளின் கீழேதான் என் சர்வீஸ் முழுவதும். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன் மகளே.

போகலாம். தைரியமாகப் போகலாம். ராணுவம் என்றதும் எல்லாரும் துப்பாக்கியையும் ஓட்டத்தையும் நினைக்கிறார்கள். பரங்கிமலை ஓடிஏவில், அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், 49 வாரம் நடக்கிற பயிற்சி வேறு, அது மற்ற அதிகாரிகளுக்கு. அவர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கிற ஐந்து நாள் எஸ்எஸ்பி தேர்வும் உங்களுக்குக் கிடையாது. கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, அதில் நர்சிங், ஆங்கிலம், பொது நுண்ணறிவு. பிறகு நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. வேலை நீங்கள் இப்போது செய்கிற அதே வேலை. ஐசியூ அனுபவம் உள்ளவரை அங்கே தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

1888-லிருந்து இருக்கிற சேவை அது. வார்டில் எம்.என்.எஸ் சிஸ்டர் சொல்வதுதான் சட்டம். எங்களில் எத்தனை பெரிய மீசைக்காரனும் சிஸ்டர் வந்தால் எழுந்து நிற்பான். தனியார் மருத்துவமனையில் நிர்வாகி முன்னால் கைகட்டி நிற்கும் நம் ஊர்ப் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இந்தியாவில் எங்கே போட்டாலும் போக வேண்டும். பெங்களூர் கமாண்ட் ஆஸ்பத்திரியும் வரும், வெலிங்டனும் வரும், லடாக்கில் உள்ள லே 153 ஜெனரல் ஆஸ்பத்திரியும் வரும்.

மன்னை வாசகன்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பி பி.இ மெக்கானிக்கல், வயது 29. சென்னையில் வேலை போய்விட்டது. அவனுக்கும் அதிகாரியாக வழி இருக்கிறதா?

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
வாசகன் தம்பி, முழுநேர வேலையாக இல்லை. பட்டதாரிகளுக்கான சிடிஎஸ் வழி 25-க்குள் முடிந்துவிடும். இன்ஜினியர்களுக்கான டெக்னிக்கல் நுழைவு 27 வரை, சட்டம் படித்தவர்களுக்கான ஜேஏஜி-யும் 27 வரை. மருத்துவர், செவிலியர் போன்ற சிலருக்குத்தான் 30 தாண்டியும் கதவு திறந்திருக்கும். டெரிட்டோரியல் ஆர்மியில் 42 வரை அதிகாரியாகலாம் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வெளியே வேறு வேலையோ தொழிலோ வைத்திருப்பவர்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். வருடத்தில் குறிப்பிட்ட காலம் பயிற்சிக்குப் போய் வருவது அது. வேலை இல்லாதவருக்கு அது வேலை ஆகாது. தம்பியை வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், இதில் நாளைக் கடத்த வேண்டாம்.

திருக்காட்டுப்பள்ளி
எல்லாரும் சம்பளம், வயது, ஓய்வூதியம் என்று பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது.

திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் போகிறவர்கள் மேஜர் சரவணன் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1999 மே 29, கார்கில், பட்டாலிக். பிகார் ரெஜிமென்ட் அதிகாரி. அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள், உயிரோடு வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்த இடத்துக்கு, "இங்கே வேலை நிரந்தரமில்லை, அங்கேயாவது கிடைக்குமா" என்று போவது சரியா? ராணுவத்துக்குப் போகிறவருக்கு முதல் காரணம் நாடாக இருக்க வேண்டும். சம்பளம் இரண்டாவதாக இருக்கட்டும்.

சகோதரி மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் நேர்மையாகக் காரணத்தைச் சொன்னார். அதனால்தான் நானும் நேர்மையாகச் சொல்கிறேன்.

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
ஐயா, மேஜர் சரவணன் நினைவிடத்தில் நானும் தலைகுனிந்து நின்றவன்தான். ஆனால் நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து படைக்குப் போனவர்கள் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அப்பா பண்ணையில் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் வேலை இருக்காது, வீட்டில் அடுப்பு எரியாது. ஆள் எடுக்கிறார்கள் என்றதும் திருச்சிக்கு ஓடினோம். மூன்று வேளைச் சாப்பாடும் மாதம் தவறாத மணியார்டரும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதற்காக நாங்கள் யாரும் பின்வாங்கினோமா?

ஸ்ரீநகர் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் ஒரு கேப்டன் சிஸ்டர் இருந்தார், கேரளத்துக்காரர். ஊரில் இரண்டு பிள்ளைகள், கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கடன். அந்தக் கடனுக்காகத்தான் வந்தேன் என்று அவரே சொல்வார். ஒரு நாள் டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். அவர் போகவில்லை. மறுநாள் மதியம் வரை நின்றார். பக்கத்தில் ட்ரே பிடித்தவன் நான். அவர் எதற்காகச் சேர்ந்தார் என்று கேட்டு யாரை அளப்பீர்கள்? வந்த பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

திருக்காட்டுப்பள்ளி
அந்தச் சகோதரியை வணங்குகிறேன். ஆனால் உங்கள் பதில் என் கேள்வியைத் தொடவில்லை. வீட்டு நிலைமைக்காக வருகிற எல்லாரும் அப்படி இருப்பார்களா? நிலைத்த வேலை என்று வருகிறவர்கள், லே என்று உத்தரவு வந்ததும் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று மனு எழுதுவார்கள். அவர் போகாத இடத்துக்கு இன்னொருவர் போவார். பாரம் அந்த இன்னொருவர் தலையில். நான் கவலைப்படுவது அவரைப் பற்றி.

அரசலாற்றங்கரை சகோதரி, உங்களையே கேட்கிறேன். முதல் போஸ்டிங்கே எல்லைப் பக்கம் வந்தால் போவீர்களா?

அரசலாற்றங்கரை
போவேன் அண்ணா. யோசிக்காமல் சொல்லவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்கு வராமல் மருத்துவமனையிலேயே தங்கினேன். மகளுக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது. அப்போது என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நோயாளி முன்னால் இருந்தால் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. சம்பளத்துக்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், இன்றும் சம்பளத்துக்காகத்தான் செய்கிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதா?

என் பயம் வேறு. வெண்ணாறு சொன்ன 48 வயதுதான் தூங்க விடவில்லை.

குடவாசல் கணக்கர்
அந்த 48-ஐக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். பயத்தோடு பேசுவதைவிட எண்ணோடு பேசுவது நல்லது.

லெப்டினென்ட்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100. நர்சிங் சேவை அதிகாரிகளுக்கு ராணுவ சேவை ஊதியம் 10,800. இரண்டும் சேர்ந்து 66,900. அகவிலைப்படி இதற்கு மேல். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வாடகை இல்லை. குடும்பத்துக்கும் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு.

மாதம் 30,000 எடுத்து வைத்தால் 14 வருடத்தில் போட்ட பணம் மட்டும் 50 லட்சத்து 40 ஆயிரம். அதிகாரிகளுக்கான டிஎஸ்ஓபி சேமநிதியில் போட்டால் வட்டி தனி. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் கொடுத்து வருகிறார்கள். குறுகிய காலப் பணி முடித்து வெளியே வரும்போது ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் அரை மாதச் சம்பளம் கிராஜுவிட்டி. 14 வருடத்துக்கு 14 மாதச் சம்பளம் என்று ஆகிறது. தொடக்க அடிப்படைச் சம்பளத்தை வைத்தே பார்த்தாலும் 7,85,400 ரூபாய். அன்றைக்குச் சம்பளம் ஏறியிருக்கும், தொகையும் கூடும்.

நம் பகுதித் தனியார் மருத்துவமனையில் ஐசியூ இன்சார்ஜுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சகோதரி சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் 60 வயது வரை உழைத்தாலும் இந்தத் தொகை சேராது. பாதுகாப்பு என்றால் கடைசி வரை வேலை என்று மட்டும் பொருளில்லை. கையில் இருக்கிற பணமும் பாதுகாப்புதான்.

பணியில் இருக்கும்போது ஏதாவது நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் குறுகிய காலப் பணிக்கும் உண்டு. இதைப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் பிள்ளை பெற்றவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்ணாறு
கணக்கர் ஐயா, உங்கள் கணக்கு 14 வருடம் முழுதாகக் கிடைத்தால். ஐந்தாம் வருடத்தில் நீட்டிப்பு கிடைக்கவில்லை என்றால்? 39 வயதில் திரும்பி வருவார். ஐந்து மாதச் சம்பளம் கிராஜுவிட்டி. அந்த 39-க்கு நீங்கள் ஒரு கணக்கும் போடவில்லை.

மாதம் 30,000 சேமிப்பார் என்று எழுதிவிட்டீர்கள். இரண்டு வீட்டுச் செலவு யார் பார்ப்பது? அவருக்கு அங்கே ஒரு செலவு, இங்கே மூன்று பேருக்கு ஒரு செலவு, போக வர ரயில் செலவு, அதோடு வயலுக்கு உரம், நடவுக்கூலி. விவசாயக் குடும்பத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தால் அவர் சம்பளம் முதலில் வயலுக்குத்தான் போகும். கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை போன வீடுகளில் என்ன நடந்தது? சிங்கப்பூரிலிருந்து பிள்ளை அனுப்பிய பணம் முழுவதும் தோப்பை மறுபடி நடப் போனது. சேமிப்பு என்று ஒரு ரூபாய் நிற்கவில்லை.

குடவாசல் கணக்கர்
அதில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் சேமநிதி. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள். வயல் கேட்டாலும் கொடுக்க இருக்காது.

ஆனால் எம்.ஆர்.பி-யை நீங்கள் நிரந்தரம் என்று சொல்வதை அப்படியே விட முடியாது. 2015-ல் எம்.ஆர்.பி தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்த்தார்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கோவிட் நேரத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் முதலில் ஒப்பந்தம், பிறகு காத்திருப்பு. காலியிடம் வந்து வரிசையில் பெயர் வரும்வரை நிரந்தரம் என்ற பேச்சே இல்லை.

வெண்ணாறு
காத்திருந்தாலும் வரிசையில் பெயர் இருக்கிறது. முடிவில் 60 வரை வேலை இருக்கிறது. இங்கே எத்தனை நன்றாக வேலை செய்தாலும் 14-க்கு மேல் கிடையாது என்று முதல் நாளே எழுதி வாங்குகிறார்கள். இந்த வித்தியாசத்தை யாரும் மறைக்க வேண்டாம்.

நாகை செவிலி
நானும் நர்ஸ். மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். பிள்ளையைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் போகும்போது என் மகனுக்கு ஐந்து வயது. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். பணம் வந்தது, வீடு கட்டினோம். ஆனால் அவன் காய்ச்சல் வந்தால் பாட்டியைத்தான் கூப்பிடுவான். இன்றைக்கும் அப்படித்தான். அக்கா, மாமியார் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த முடிவை மட்டும் எடுக்காதீர்கள். போனால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் அதிகாரிகளுக்கு மொத்தப் பணிக்காலத்தில் 360 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, பிள்ளைக்கு 18 ஆகும் வரை எடுக்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. இடம் மாறினாலும் பாடத்திட்டம் மாறாது. வளைகுடாவில் எனக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. அந்த வகையில் ராணுவம் மேல் என்பேன்.

கணவர் வயலை விட்டு வருவாரா? அதைக் கேட்டீர்களா?

அரசலாற்றங்கரை
கேட்டேன் அக்கா. மூன்று ஏக்கரையும் குத்தகைக்கு விட அவருக்கு மனசில்லை. அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்களே உழுத நிலம். சம்பா நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை இங்கே இருந்துவிட்டு, கோடையில் என்னோடு வந்து இருப்பதாகச் சொல்கிறார். மகளை என்னோடு அனுப்ப மாமியார் அழுகிறார். டூட்டி நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள மாமியாரையும் கூட்டிப்போகலாமா என்று இப்போதுதான் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், குளிர் தாங்குவாரா என்றும் பயமாக இருக்கிறது.

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பம் இல்லாத கன்டோன்மென்ட்டை நான் பார்த்ததில்லை மகளே. பொங்கலுக்குக் கோலம் போடுகிற வாசல் எங்கேயும் இருக்கும். ஆனால் லே மாதிரி இடத்துக்குப் பிள்ளையையும் பெரியவரையும் கூட்டிப் போகாதீர்கள். அப்படிப்பட்ட போஸ்டிங் வந்தால் அந்தக் காலத்துக்கு மகள் ஊரில் இருக்கட்டும். நாகை செவிலி சொன்ன விடுப்பை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

திருக்காட்டுப்பள்ளி
சகோதரி எனக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டார், அதை மதிக்கிறேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் அவர் போனால் எங்கள் ஊர்ப் பெண் என்று பெருமைப்படுவேன்.

வெண்ணாறு
என் கருத்தும் மாறவில்லை. போவதென்றே முடிவு செய்தால் சில வேலைகளை முன்னாடியே முடித்துவிடுங்கள். ராணுவ அறிவிப்பு வந்தாலும் எம்.ஆர்.பி படிப்பை நிறுத்தாதீர்கள். மாநிலத் தேர்வில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயது வரம்பு தாராளம், அது நாளைக்கும் இருக்கும். ராணுவத்தின் 35 வயது வாய்ப்பு நாளைக்கு இருக்காது, அதனால் முதலில் அதை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஐந்தாம் வருடம் நெருங்கும்போது நீட்டிப்பு வருமா என்று தெரிவதற்கு முன்பே எம்.எஸ்ஸி நர்சிங்குக்கு வழி பாருங்கள். கையில் எம்.எஸ்ஸி இருந்தால் 39-லும் 48-லும் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம்.

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
வெண்ணாறு சொன்ன எம்.எஸ்ஸி யோசனை பொன்னான யோசனை. இன்னொன்றும் உண்டு. இந்தத் தேர்வு வருடா வருடம் இன்ன தேதி என்று வருவதில்லை. 2023 டிசம்பரில் திடீரென்று அறிவித்து, விண்ணப்பிக்க ஏறக்குறைய இரண்டு வாரம்தான் தந்தார்கள். 2024 ஜனவரி 14, பொங்கலுக்கு முந்தின நாள், தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) தேர்வு நடத்தியது. அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழ் தேடினால் நாள் போய்விடும். தமிழ்நாடு நர்ஸஸ் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் ஆதாரிலும் டிகிரியிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அரசலாற்றங்கரை
பதிவு இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும், திங்கட்கிழமையே அந்த வேலையைத் தொடங்குகிறேன். ஆதாரில் கணவர் பெயர் இனிஷியல், டிகிரியில் அப்பா இனிஷியல். ஐயா, இதில் எதை மாற்றுவது?

ஒரத்தநாடு முன்னாள் படைவீரர்
டிகிரியைத் தொடாதீர்கள். ஆதாரை டிகிரியில் இருக்கிறபடி மாற்றுங்கள், இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடும். திருமணச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தார் பெயரைப் பதிவு செய்யும்போது அது வேண்டும்.